கால்பந்துப் பற்று: முதலில் கிளப்பா, தேசமா?

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நெருங்கும்போதெல்லாம் ஒரு பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் தன் கிளப் அணிக்காக ஆரவாரம் செய்தவர், உலகக் கோப்பை தொடங்கியதும் தன் நாட்டு அணியின் சட்டையை அணிந்துகொள்கிறார். அந்த நாட்டு அணியில் இடம்பெற்றிருப்பவர்களில் பலர், போன மாதம்வரை அவர் வாய்நிறையத் திட்டித் தீர்த்த எதிர் கிளப்பின் ஆட்டக்காரர்கள். உலகக் கோப்பை முடிந்ததும் மறுபடியும் அவர்களைத் திட்டத் தொடங்கிவிடுவார். இந்த இரண்டு பற்றுகளில் எது முதன்மையானது? எது உண்மையானது?

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில் தேவை, அளிப்பு, முற்றுரிமை, புறவிளைவு போன்ற கருத்துகளை விளக்கக் கால்பந்து எனக்குப் பெரிதும் உதவியது. பாடம் எங்கே தொடங்கினாலும் மாணவர்களின் விவாதம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். 'நாடுதானே சார் முதலில்?' என்று ஒருவர் கேட்பார். அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் ஓர் ஆங்கிலேய கிளப்பின் சிவப்புச் சட்டையை அணிந்திருப்பார். நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்: கால்பந்தில் முதலிடம் கிளப்புக்குத்தான். தேசப்பற்று தாழ்ந்தது என்பது இதன் பொருளல்ல. தேசிய அணி என்பது கிளப்புகள் விளைவிப்பதை அறுவடை செய்யும் இடம். விளைச்சலைப் பேணாமல் அறுவடையை மட்டும் கொண்டாட முடியாது. ஆனால், எந்த கிளப் என்பதில் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நேப்பிள்ஸ் மக்களின் சங்கடம்

இந்தக் கேள்வி ஒரு நகரத்தின் முன் மிகக் கூர்மையாக வந்து நின்ற நாள் 1990 ஜூலை 3. இத்தாலி நடத்திய உலகக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம் அன்று நடந்தது. ஒருபுறம் இத்தாலி, மறுபுறம் அர்ஜென்டினா. ஆட்டம் நடக்கும் இடமாக நேப்பிள்ஸ் நகரின் சான் பாவ்லோ அரங்கம் அமைந்துவிட்டது. அது அர்ஜென்டினாவின் தலைவர் மரடோனாவின் சொந்த அரங்கம்.

மரடோனா 1984-இல் பார்சிலோனாவிலிருந்து நபோலி கிளப்புக்கு வந்தார். இத்தாலியக் கால்பந்தின் பட்டங்களும் பணமும் அதுவரை டூரின், மிலான் ஆகிய வடக்கு நகரங்களின் கிளப்புகளிடமே பெரிதும் குவிந்திருந்தன. நேப்பிள்ஸ் தெற்கில் உள்ள ஏழை நகரம். வேலை தேடி வடக்கே செல்லும் தெற்கத்தியர்கள் இழிவாக நடத்தப்பட்டார்கள். வடக்கு அரங்குகளில் நபோலி ஆடும்போது அதன் ரசிகர்களை அழுக்கர்கள் என்றும், 1973-இல் அந்நகரில் பரவிய காலராவை நினைவூட்டி நோயாளிகள் என்றும் கூட்டமாகக் கூவி ஏசுவது வழக்கமாக இருந்தது. அப்படிப்பட்ட நகரத்துக்கு 1987-இல், அந்த கிளப்பின் வரலாற்றிலேயே முதன்முறையாக, இத்தாலிய லீக் பட்டத்தை மரடோனாவின் அணி வென்று கொடுத்தது. 1989-இல் யூஇஎஃப்ஏ கோப்பை வந்தது. 1990-இல், உலகக் கோப்பை தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, இரண்டாவது லீக் பட்டமும் கிடைத்தது.

அரையிறுதிக்கு முன் மரடோனா நேப்பிள்ஸ் மக்களிடம் வெளிப்படையாகவே பேசினார். ஆண்டின் எல்லா நாள்களிலும் உங்களை அந்நியர்களாக நடத்தும் இத்தாலி, இன்று ஒருநாள் மட்டும் இத்தாலியர்களாக இருக்கும்படி உங்களைக் கேட்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்தனர். அவர் தந்திரமாகப் பேசினார் என்று சொல்லலாம். பொய் பேசினார் என்று சொல்ல முடியாது. அரங்கில், மரடோனாவை நேசிக்கிறோம், ஆனாலும் இத்தாலியே எங்கள் தாய்நாடு என்ற பொருளில் எழுதிய பதாகைகளும் தென்பட்டன.

ஆட்டத்தின் 17-ஆவது நிமிடத்தில் ஸ்கில்லாச்சி இத்தாலிக்காக கோல் அடித்தார். அவரும் தெற்கத்தியர்தான், சிசிலியின் பலெர்மோவில் பிறந்தவர். 67-ஆவது நிமிடத்தில் கனிஜியா அதைச் சமன் செய்தார். அந்தத் தொடரில் இத்தாலியின் கோல்கீப்பர் ஜெங்கா விட்டுக்கொடுத்த முதல் கோல் அது. கூடுதல் நேரத்திலும் முடிவு கிடைக்காமல் ஆட்டம் பெனால்டி உதைகளுக்குச் சென்றது. டோனடோனி, செரேனா இருவரின் உதைகளையும் அர்ஜென்டினாவின் கோய்கோசியா தடுத்துவிட, மரடோனா தன் உதையைப் பிசகின்றி வலைக்குள் அனுப்பினார். இத்தாலி வெளியேறியது. ஐந்து நாள் கழித்து ரோம் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் தேசிய கீதம் ஒலித்தபோது அரங்கம் முழுவதும் சீழ்க்கையடித்து அவமதித்தது. அதற்கடுத்த மார்ச்சில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 15 மாதத் தடை பெற்ற மரடோனா, நேப்பிள்ஸை விட்டே வெளியேறினார். நாடு அவரை மன்னிக்கவில்லை. நேப்பிள்ஸ் நகரம் 2020-இல் அவர் இறந்ததும் அந்த அரங்குக்கே அவர் பெயரைச் சூட்டியது.

நேப்பிள்ஸ் மக்கள் தேசத் துரோகிகள் என்று அன்று எழுதியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. தேசம் என்ற ஏற்பாட்டில் எல்லா நகரங்களுக்கும் ஒரே மதிப்பு இருக்கும்போதுதான் தேசிய அணி எல்லோருக்கும் ஒரே அளவில் சொந்தமாகிறது. நாடு கொடுக்காத மதிப்பை ஒரு கிளப் கொடுக்கிறது என்றால், அந்த நகரத்து மனிதன் யாரிடம் முதலில் கடன்பட்டவன்? ஸ்பெயினில் பாஸ்க் மக்களும் கத்தலான் மக்களும் நெடுங்காலமாக இதையே கேட்டு வருகிறார்கள். பில்பாவோ நகரின் அத்லெடிக் கிளப், பாஸ்க் பகுதியில் பிறந்தவர்களையோ அங்கே கால்பந்து பயின்றவர்களையோ மட்டுமே தன் அணியில் சேர்த்துக்கொள்கிறது. இந்தக் கட்டுப்பாட்டுடனேயே, ஸ்பெயினின் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூடக் கீழிறங்காத மூன்று கிளப்புகளில் ஒன்றாக அது இருக்கிறது. மற்ற இரண்டும் ரியல் மாட்ரிட், பார்சிலோனா.

கூலி கொடுப்பவர் யார்?

வரலாற்றின்படியும் கிளப்பே மூத்தது. உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப்பாகக் கருதப்படும் ஷெஃபீல்டு கிளப் 1857-இல் தொடங்கப்பட்டது. இரு தேசிய அணிகளுக்கு இடையிலான முதல் அதிகாரபூர்வ ஆட்டம் 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்தது. இருவரும் கோல் அடிக்கவில்லை. அன்று ஸ்காட்லாந்துக்காகக் களமிறங்கிய 11 பேரும் குவீன்ஸ் பார்க் என்ற ஒரே கிளப்பின் ஆட்டக்காரர்கள்! முதல் தேசிய அணியே, சட்டை மாற்றிக்கொண்ட ஒரு கிளப்தான்.

இன்றும் நிலை அடிப்படையில் அதுவே. ஓர் ஆட்டக்காரரைச் சிறுவயதில் கண்டெடுப்பது, பயிற்சி தருவது, ஊதியம் கொடுப்பது, காயம்பட்டால் மருத்துவம் பார்ப்பது எல்லாம் கிளப்பின் பொறுப்பு. ஐரோப்பாவின் முன்னணி கிளப் ஒன்று ஆண்டுக்கு 50 ஆட்டங்களுக்கு மேல் ஆடுகிறது. தேசிய அணி சராசரியாக 10 முதல் 15 ஆட்டங்கள். அந்த ஆட்டங்களுக்குக் குறிப்பிட்ட நாள்களில் ஆட்டக்காரரை அனுப்பியே தீர வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. வேறு எந்தத் தொழிலிலும் இத்தகைய ஏற்பாட்டை நான் கண்டதில்லை. ஒரு முதலாளியின் ஊழியரை இன்னொருவர் விதியின் பலத்தால் இரவல் வாங்கிச் செல்கிறார்; அந்நாள்களுக்கும் ஊதியத்தை முதலாளியே கொடுக்கிறார்; வேலையின் வருமானமோ இரவல் வாங்கியவருக்குச் செல்கிறது.

இந்த ஏற்பாட்டின் அநீதியை நீதிமன்றம்வரை கொண்டு சென்றது ஒரு சிறிய கிளப். பெல்ஜியத்தின் ஷார்லெருவா கிளப்பில் ஆடிய அப்துல்மஜீத் உல்மெர்ஸ், 2004 நவம்பரில் மொராக்கோ தேசிய அணிக்காக ஒரு நட்புறவு ஆட்டத்தில் ஆடியபோது காயமடைந்தார். பல மாதங்கள் அவரால் களமிறங்க இயலவில்லை. கிளப் இழப்பீடு கேட்டு ஃபிஃபா மீது வழக்குத் தொடுத்தது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளின் கூட்டமைப்பும் உடன் சேர்ந்துகொண்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்ற நிலையில், 2008-இல் சமரசம் ஏற்பட்டு அது திரும்பப் பெறப்பட்டது. அதன் விளைவாகத்தான் உலகக் கோப்பைக்கு ஆட்டக்காரர்களை அனுப்பும் கிளப்புகளுக்கு ஃபிஃபா பணம் தரத் தொடங்கியது. 2010-இல் 4 கோடி டாலர், 2014-இல் 7 கோடி, 2018-இலும் 2022-இலும் தலா 20.9 கோடி, 2026-க்கு 35.5 கோடி என்று தொகை வளர்ந்திருக்கிறது. தேசிய அணிக்காக ஆடும்போது காயமடைபவர்களின் ஊதியத்துக்கு 2012 முதல் காப்பீடும் உண்டு.

பெரிய தொகைதானே என்று தோன்றலாம். 2022 உலகக் கோப்பையுடன் முடிந்த நான்காண்டுகளில் ஃபிஃபாவின் வருவாய் ஏறத்தாழ 757 கோடி டாலர். கிளப்புகளுக்குச் சென்றது அதில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்குக்கூட இதைவிட நல்ல பங்கு கிடைக்கும்.

ஊரும் அணியும் பிரிந்தபோது

இதுவரை சொன்னதில் கிளப் என்றால் ஓர் ஊர் என்ற எண்ணம் அடங்கியிருக்கிறது. அந்த எண்ணம் இன்று செல்லுமா? 1967-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கிளாஸ்கோவின் செல்டிக் அணியில் ஆடிய அனைவரும் அந்நகரைச் சுற்றி 30 மைல் தொலைவுக்குள் பிறந்தவர்கள். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பரிமாற்றக் கட்டணமின்றி வேறு கிளப்புக்குச் செல்லலாம், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களை வெளிநாட்டவர் என்று எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பவை அதன் சாரம். தொழிலாளரின் உரிமை என்ற வகையில் அது மிகச் சரியான தீர்ப்பு. நான்கே ஆண்டுகளில், 1999 டிசம்பர் 26 அன்று, லண்டனின் செல்சீ கிளப் ஓர் ஆங்கிலேயர்கூட இல்லாத தொடக்க அணியைக் களமிறக்கியது. கிளப்பில் ஊர் என்பது இனி பார்வையாளர் மாடத்தில் மட்டுமே மிஞ்சியது.

அப்படியானால் மண்ணின் மைந்தர்கள் தேசிய அணியிலாவது இருக்கிறார்களா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. 2022 உலகக் கோப்பையில் அரையிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணி மொராக்கோ. அதன் 26 ஆட்டக்காரர்களில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஸ்பெயினை வெளியேற்றிய கடைசி பெனால்டி உதையை அடித்த ஹக்கிமி பிறந்தது ஸ்பெயினின் மாட்ரிடில். வளர்ந்தது ரியல் மாட்ரிட் கிளப்பின் பயிற்சிக்கூடத்தில். தாய் தந்தையரின் நாட்டை அவர் தேர்ந்தெடுத்தார். ஜெர்மனிக்காக உலகக் கோப்பை வென்ற மெசுட் ஓசில் 2018-இல் தேசிய அணியிலிருந்து விலகியபோது, வென்றால் ஜெர்மானியன், தோற்றால் வந்தேறி என்று நடத்தப்படுவதாக மனம் நொந்து எழுதினார். மெஸ்ஸியோ 13 வயதில் பார்சிலோனாவுக்குச் சென்றவர். 2014, 2015, 2016 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இறுதி ஆட்டங்களில் அர்ஜென்டினா தோற்றபோது, கிளப்புக்குக் கொடுப்பதை நாட்டுக்குக் கொடுப்பதில்லை என்ற பழியைச் சொந்த மக்களிடமிருந்தே கேட்டார், ஓய்வையும் அறிவித்தார். பிறகு மனம் மாறித் திரும்பி வந்து 2022-இல் கோப்பையை வென்றது வேறு கதை.

ஆகவே, கிளப் செயற்கையானது, தேசம் இயற்கையானது என்ற பிரிவினை செல்லாது. இரண்டிலுமே தேர்வு இருக்கிறது. இரண்டிலுமே பணம் இருக்கிறது. இனி ரசிகரின் பக்கம் வருவோம்.

ஹிர்ஷ்மன் சொன்னது

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970-இல் வெளியேறுதல், குரலெழுப்புதல், விசுவாசம் ஆகிய மூன்றைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நைஜீரிய ரயில்வே சீரழிந்துகொண்டே இருந்தும் ஏன் திருந்தவில்லை என்ற கேள்வியிலிருந்து பிறந்த நூல் அது. உரக்கக் குறைசொல்லக்கூடிய வாடிக்கையாளர்கள் எல்லாம் லாரிகளுக்கு மாறிவிட்டார்கள். தட்டிக்கேட்க ஆளில்லாமல் ரயில்வே மேலும் கெட்டது. எளிதாக வெளியேற முடிகிற இடத்தில் குரல் எழாது. வெளியேற முடிந்தும் வெளியேறாமல் நின்று குரலெழுப்ப வைப்பது எதுவோ, அதையே அவர் விசுவாசம் என்றார். பெர்லினில் பிறந்து, 1933-இல் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர் அவர். வெளியேறுவதன் விலையை அறிந்தவர்.

இந்த அளவுகோலைக் கால்பந்தில் வைத்துப் பாருங்கள். தேசிய அணியிலிருந்து ரசிகருக்கு வெளியேற்றம் கிடையாது. இங்கிலாந்து மோசமாக ஆடுகிறது என்பதற்காக ஆங்கிலேய ரசிகர் பிரேசில் ரசிகராகிவிடுவதில்லை. கிளப்பிலிருந்து வெளியேற எந்தத் தடையும் இல்லை. பக்கத்துத் தெருவிலேயே வெற்றிபெறும் கிளப் ஒன்று இருக்கக்கூடும். இருந்தும் மூன்றாம் பிரிவில் தோற்றுக்கொண்டிருக்கும் தன் கிளப்புக்கு வாரந்தோறும் நுழைவுச்சீட்டு வாங்குகிறாரே, அவருடைய பற்றுதான் சோதிக்கப்பட்ட பற்று.

அதற்கு நல்ல சான்று லண்டனின் விம்பிள்டன். அந்த கிளப்பின் உரிமையாளர்கள் அதை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம்பெயர்க்க 2002 மே மாதம் அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் பின்தொடரவில்லை. ஊர்ப் பொதுத் திடலில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்து, ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதிய கிளப்பைத் தாங்களே தொடங்கினார்கள். ஒன்பதாம் படிநிலையில் ஆடத் தொடங்கிய அந்த அணி, ஒன்பதே ஆண்டுகளில், 2011-இல், தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தது. 2020-இல் பழைய இடத்துக்கு அருகிலேயே சொந்த அரங்கம் கட்டிக் குடியேறியது. அந்த ரசிகர்களின் பற்று பெயரோடும் பதிவு எண்ணோடும் இருக்கவில்லை. இடத்தோடும் பக்கத்து இருக்கைக்காரரோடும் இருந்தது.

2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் தமக்கென ஒரு சூப்பர் லீகை அறிவித்தன. நிறுவன உறுப்பினர்களுக்குத் தகுதி இறக்கமே கிடையாது என்பது திட்டம். பொருளியலில் இதற்குக் கூட்டு முற்றுரிமை என்று பெயர். செல்சீ அரங்கின் வெளியே ரசிகர்கள் தெருவை மறித்தார்கள். இரண்டே நாளில் ஆறு ஆங்கிலேய கிளப்புகளும் பின்வாங்கின. தம் கிளப்பின் வருமானம் பெருகும் ஒரு திட்டத்தைத் தடுக்கத் தெருவுக்கு வந்த ரசிகர்கள் அவர்கள். ஹிர்ஷ்மன் சொன்ன குரல் இதுதான். அந்தத் திட்டம் நம்பியிருந்ததோ, உலகெங்கும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் கோடிக்கணக்கானோரை. அவர்களில் நம்மவர்களும் அடக்கம்.

இந்தியாவில் நடந்த தலைகீழ் மாற்றம்

இந்தியாவுக்கு வருவோம். தேசிய அணி ஒன்று உருவாவதற்கு முன்பே இந்நாட்டில் ஒரு கிளப் தேசத்தைச் சுமந்தது. 1911 ஜூலை 29 அன்று கொல்கத்தாவின் மோகன் பகான், ஐஎஃப்ஏ கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. அந்த அணியில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலுடன் ஆடினார்கள். வங்கப் பிரிவினையின் கசப்பு ஆறாத நாள்கள் அவை. பின்னர் 1947-இல் நாடு பிரிந்து, கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு 1920-இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்கால் கிளப் இழந்த ஊருக்கு ஈடானது.

இந்தியா 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றதும், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்ததும் இந்த மண்ணில்தான் விளைந்தன. கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளும் ஹைதராபாத் நகரக் காவல் துறை அணியுமே அந்த அணிகளுக்குப் பெருமளவில் ஆட்டக்காரர்களைக் கொடுத்தன. அன்றைய பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம், ஹைதராபாத் காவல் துறை அணிக்கும் பயிற்சி அளித்தவர். கிளப்புக்கும் நாட்டுக்கும் இடையே போட்டி என்ற கேள்வியே பெரிதாக எழவில்லை.

இன்று நம் இளைஞர்களின் கிளப் பற்று மான்செஸ்டரிலும் மாட்ரிடிலும் குடியிருக்கிறது. தேசப் பற்றுகூட உலகக் கோப்பைக் காலத்தில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விடுகிறது. 2022-இல் கோழிக்கோடு அருகே புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸி, நெய்மார், ரொனால்டோ ஆகியோருக்கு மாபெரும் கட்-அவுட்கள் எழுந்தன. அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. நல்ல ஆட்டத்தை எங்கிருந்தாலும் ரசிப்பது ஒரு கலை உணர்வு. ஆனால், அது ரசனை. ஹிர்ஷ்மன் சொன்ன பொருளில் பற்று அல்ல. லண்டன் கிளப்பின் உரிமையாளர் தவறு செய்தால் சென்னை ரசிகரின் குரல் அவர் காதை எட்டாது. அந்த ரசிகர் விலகினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. நான் முதலில் சொன்ன நிபந்தனை இதுதான்: பற்று வைக்கும் கிளப், நம் குரல் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

2018 ஜூன் மாதம் மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என்று வென்றது. அணித் தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் ஒரு காணொளியில் ரசிகர்களைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அழைத்தார். ஐரோப்பிய கிளப்புகளைப் பின்தொடர்பவர்களிடம், எங்கள் தரம் அவர்களுக்கு இணையில்லை என்பது உண்மைதான், திட்டவாவது அரங்குக்கு வாருங்கள் என்ற பொருளில் பேசினார். கென்யாவுடனான அடுத்த ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்தது. அது சேத்ரியின் 100-ஆவது சர்வதேச ஆட்டம். நெகிழ்ச்சியான நிகழ்வுதான். ஆனால், ஓர் ஆட்டத்துக்கு நிறையும் அரங்கால் ஆட்டக்காரர்கள் உருவாகிவிடுவதில்லை.

2023-இல் முரண்பாடு வெளிப்படையாகவே வெடித்தது. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி, ஃபிஃபா குறித்த நாள்களுக்குள் வராததால் ஆட்டக்காரர்களை அனுப்பும் கட்டாயம் கிளப்புகளுக்கு இல்லை. இந்தியன் சூப்பர் லீகும் அதே வாரத்தில் தொடங்கவிருந்தது. பல கிளப்புகள் மறுத்துவிட்டன. அரைகுறையாகத் திரட்டப்பட்ட அணி கடைசி நேரத்தில் விமானம் ஏறி, செப்டம்பர் 19 அன்று சீனாவிடம் 1-5 என்று தோற்றது. அன்று கிளப்புகளைத் தேசப்பற்றற்றவை என்று பலரும் வசைபாடினார்கள். நாள்களைத் தீர்மானித்தபோது இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பார்க்காத நிர்வாகத்தைக் கேட்டவர்கள் குறைவு.

இந்த லீகின் அமைப்பிலேயே ஒரு கோளாறு உண்டு. 2014-இல் தொடங்கிய அதில் அணிகள் ஊரில் முளைத்தவை அல்ல. பெரும்பாலும் உரிமம் பெற்று நடப்பட்டவை. புனே அணி 2019-இல் கலைந்து, அதன் இடத்தில் ஹைதராபாத் அணி வந்தது. அந்த ஹைதராபாத் அணி 2025-இல் டெல்லிக்குப் பெயர்ந்தது. அதற்கு முன் டெல்லியில் இருந்த அணி 2019-இலேயே ஒடிசாவுக்குப் போய்விட்டிருந்தது. விம்பிள்டனில் ஒரு முறை நடந்த இடப்பெயர்ச்சி, புதிய கிளப்பையே பிறப்பித்தது. இங்கே மூன்று நகரங்கள் அணிகளை இழந்தும் பெரிய முணுமுணுப்புகூட எழவில்லை. பற்று வேர்விட அவகாசம் தந்தால்தானே இழப்பு வலிக்கும்?

வணிக உரிமை குறித்த 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிப்பதில் இழுபறி நீடிக்க, 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் பருவம் தொடங்கவில்லை. சில கிளப்புகள் ஊதியத்தை நிறுத்தின. அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெறும் வாய்ப்பை இந்தியா இழந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோல்வி. தகுதிச் சுற்றின் சரிவு லீக் நிற்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதால், ஒன்றை மற்றொன்றின் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், போட்டி ஆட்டமின்றி முடங்கிக் கிடந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு எந்த நாடும் தேசிய அணி அமைத்து வெல்வதில்லை.

இதில் புறவிளைவு என்ற பாடத்துக்குப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சேத்ரி 2024 ஜூனில் கொல்கத்தாவில் சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். 2025 மார்ச்சில், 40 வயதில், அவரையே திரும்ப அழைத்தார்கள். அந்தப் பருவத்தில் லீகில் மிகுதியாக கோல் அடித்த இந்தியர் அவர்தான். காரணம் எளிது. களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரை ஆடவைக்க விதி அனுமதித்ததால், அந்த இடங்களில் ஒன்றையாவது கிளப்புகள் கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரருக்கு ஒதுக்கின. கிளப்பின் கணக்கில் அது சரி. ஆயத்தமான ஒருவரை ஒப்பந்தம் செய்வது, பத்தாண்டு ஒருவனை வளர்ப்பதைவிட மலிவு. வளர்க்காததன் இழப்பு கிளப்பின் பேரேட்டில் ஏறுவதில்லை. தேசிய அணியின் கணக்கில் ஏறுகிறது. நன்மை மற்றவருக்குப் போகும் பண்டத்தை யாரும் போதிய அளவு உற்பத்தி செய்யமாட்டார்கள். வேண்டுவோர்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும். நாடு விட்டு நாடு செல்லும் ஆட்டக்காரரின் பரிமாற்றக் கட்டணத்தில் 5 விழுக்காட்டை, 12 முதல் 23 வயதுவரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க ஃபிஃபா விதி வகுத்திருக்கிறது. உலகக் கோப்பைக்கு அனுப்பும் கிளப்புக்கும் பணம் உண்டு. இந்திய தேசிய அணிக்கு ஆடும் ஒவ்வொருவருக்காகவும் அவரை வளர்த்த உள்ளூர் கிளப்புக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு வழங்கலாம். தேசிய அணியில் ஒரே பருவத்தில் இருபத்தைந்து, முப்பது பேருக்கு மேல் ஆடப்போவதில்லை. அவர்களின் விமானச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இராது.